அக்காவின் வலது கை

அந்த நாட்களில் எங்கள் அலுவலக அரட்டைக் குழுவில் அடிக்கடி ஒரு எழுத்துக் குப்பை வந்து விழும். ஒரு மண்ணும் புரியாது. யாரும் பதற மாட்டோம். அக்கா மறுபடி சாவியில் கையை வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

சாவி என்றால் கதவுச் சாவி இல்லை. மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகி வைக்கும் நகத்தளவுக் கருவி. தொட்டால் ஒருமுறை மட்டுமே செல்லும் கடவுச்சொல்லைத் தானே தட்டி அனுப்பிவிடும். அதைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு இணையச் சேவை இருந்தது. புதிதாக இருந்தால் 'சரி' என்னும். ஏற்கெனவே பார்த்ததென்றால் 'பழையது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். அதை எழுதியதே அக்காதான். எழுதி என்ன பயன்? காபிக் கோப்பையை எடுக்கப் போனாலே அவர் வலது கை சாவியில் இடிக்கும், கடவுச்சொல் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த வரியிலேயே "யாரும் சிரிக்கக் கூடாது" என்று போடுவார். சிரிக்காதவர் யாரும் இல்லை.

வேறு யாரும் பயன்படுத்திவிடாதபடி, விழுந்ததை உடனே சேவையில் போட்டுப் பழையதாக்குவது என் வேலை. ஒரு சாவியின் எழுத்துகளில் முன்பகுதி என்றும் மாறாது. அக்காவின் முன்பகுதி எனக்கு மனப்பாடம். என் மனைவியின் கைப்பேசி எண் இன்றுவரை மனப்பாடம் இல்லை.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, வலது கை திரும்பவில்லை. குழுவில் கூட்ட அறிவிப்புகள் மட்டும் வந்தன. அந்தக் குப்பைக்காக நான் ஏங்கினேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளர் நல்ல மனிதர்தான், விதிமுறை என்று வந்தால் மட்டும் கல். பயன்படாத சாவிகளைச் சேவையிலிருந்து நீக்கச் சொன்னார். நான் ஆயிரம் சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டேன். கடைசியில், "அவங்க திரும்பி வர்ற மாதிரி தெரியலையேப்பா, இன்னைக்கு முடிச்சிடு" என்றார். நீக்கும் பக்கத்தைத் திறந்தேன். அக்கா இனி வரமாட்டார் என்று நானே எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. கை ஓடவில்லை.

அப்போது குழுவில் ஒரு எழுத்துக் குப்பை விழுந்தது, அக்காவின் பெயரில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் குழுவில் யாரும் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். வாலு என்று நாங்கள் கூப்பிடும் பையன் முன்பும் அக்கா பெயரில் பழைய குப்பையை ஒட்டி விளையாடியிருக்கிறான். எழுந்து போய், விளையாட ஒரு நேரம் காலம் இல்லையா என்று அவனைக் கடித்துக் குதறினேன். அவன் முகம் சுண்டிப்போய், தான் இல்லை என்றான்.

நம்பவில்லை. திரும்பி வந்து அதைச் சேவையில் போட்டேன். பழையதென்றால் அவன் செத்தான்.

'சரி' என்றது.

முன்பகுதியும் அக்காவுடையதுதான். அப்படியென்றால் அவர் வீட்டில் இருக்கும் அந்தச் சாவியை இப்போதுதான் யாரோ தொட்டிருக்கிறார்கள். அக்காவின் மகளாக இருக்கும், மேசையைத் துடைத்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே, "அக்கா, பாப்பா கை பட்டுடுச்சா?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. வாலு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். மற்றவர்களும் வந்தார்கள்.

"இல்லடா. என் வலது கை."

பிறகு இன்னொரு வரி.

"யாரும் சிரிக்கக் கூடாது."

முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. வாலு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோருக்கும் பின்னால் நின்ற மேலாளர், அந்த நீக்கும் பக்கத்தை மூடிவிடச் சொன்னார்.