அடுப்போரம் தூங்கிய துப்பாக்கி

எல்வுட் க்ரைனர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சுட்ட துப்பாக்கி, மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெடித்தது. அன்று காலைவரை அவன் அதைத் தோளில் அணைத்துப் பிடித்தபடி மலைச்சரிவில் நின்றான். பென்சில்வேனியாவில், எங்கள் கோல்டர் பள்ளத்தாக்கில், அந்தக் குளிர்காலத்தில் நடந்த மற்ற விசேஷங்கள் என்று பார்த்தால் சர்ச் கூரை ஒழுகியது, பால் விலை இறங்கியது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் இங்கே சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய மாதிரித் துப்பாக்கிக்கு மட்டும் மான் வேட்டை திறக்கும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியில் பொதிந்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கல் உரசிப் பொறி பறந்து, குழலின் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கிண்ணத்து மருந்து பிடித்து, அந்தத் தீ ஒரு சின்ன ஓட்டை வழியே உள்ளே போனால்தான் வெடி. நடுவில் துளி ஈரம் இருந்தால் போச்சு. அதனால் கெட்டித்த துப்பாக்கி எங்கள் ஊரில் வீட்டுப் படி ஏறாது. சீசன் முடிகிறவரை அது விறகுக் கொட்டகையில்தான் தூங்கும். வெளியே விறைத்துக் கிடந்த இரும்பை அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வேர்த்துக் கொட்டிவிடும். இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எல்வுட்டின் பெண்டாட்டி லவீனாவுக்குத் தெரியாது. அவள் ஜார்ஜியாக்காரி, பனியைக் காலண்டரில் பார்த்து வளர்ந்தவள், கல்யாணமாகி முதல் குளிர்காலம், ஐந்து மாத வயிறு வேறு. கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் விறகெடுக்கப் போனவள் கொட்டகையில், மறுநாள் வேட்டைக்கென்று கெட்டித்துவைத்த துப்பாக்கி உறைந்து வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். புருஷன் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கிற சாமானாயிற்றே என்று மனசு கேட்கவில்லை. உள்ளே தூக்கி வந்து, ஒரு கம்பளியில் சுற்றி, அடுப்போரம் சாய்த்துவைத்தாள். விடிவதற்குள் எடுத்த இடத்தில் வைத்தும்விட்டாள்.

காலையில் எல்வுட் சரிவில் ஒரு நல்ல ஆண்மானைக் குறி பார்த்து விசையை இழுத்தான். கிண்ணத்து மருந்து புஸ்ஸென்று எரிந்தது. வெடி வரவில்லை. அப்படி ஆனால் எங்கள் ஆட்கள் செய்கிற காரியம் ஒன்றுதான்: இறக்காதே, பிடித்துக்கொண்டே இரு, காத்திரு. அவசரப்பட்டு இறக்கித் தன் கால் விரலைத் தானே சுட்டுக்கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. எல்வுட் பிடித்துக்கொண்டு நின்றான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. சத்தம் கேட்டால் ஓடலாம் என்று அதுவும் நின்றது.

பொழுது சாய்ந்தும் வராத அண்ணனைத் தேடிக்கொண்டு தம்பி மெர்ல் போனான். குழலில் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே ஈர மருந்தில் தீ ஒவ்வொரு துகளாகக் கடித்துக் கடித்து நடந்துகொண்டிருந்தது. மெர்ல் கையில் வாங்கினால் அது கொதிக்கிற எண்ணெய் மாதிரி சீறியது. கவட்டைக் கம்பு நட்டு அதில் வைத்தால் அதைவிட மோசம். எல்வுட் கைக்குத் திரும்பினால் அடங்கிவிட்டது. ஆகவே சாப்பாடும் தூக்கமும் நின்ற இடத்திலேயே. மற்றதற்கு மெர்ல் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொடுப்பான்.

லவீனா அன்றைக்கே பனியில் ஏறிப்போய் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "நாந்தான் உள்ள கொண்டாந்து வச்சேன். குளிருமேன்னு."

ஆம்பளைகள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"துப்பாக்கிக்கா அண்ணி குளிரும்?" என்றான் மெர்ல். "அடுப்போரம் வச்சீங்களே, பாலும் ரொட்டியும் ஊட்டலையா?"

எல்வுட் குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "கம்பளி எந்தக் கம்பளி?"

"நம்ம கல்யாணக் கம்பளி."

"அதான் நான் ராத்திரியெல்லாம் நடுங்கினேனா? விடு கண்ணு. பாவப்பட்டுத்தானே செஞ்சே. நீ வீட்டுக்குப் போ, வயித்துப்பிள்ளைக்காரி பனியில நிக்காதே. பிள்ளை பொறக்கறதுக்குள்ள இது வெடிச்சிரும், நான் வந்துருவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரின் கவலை அது ஒன்றுதான்: எது முந்தும், பிள்ளையா வெடியா? புத்தாண்டுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் போயின. மானுக்கு மக்காச்சோளம் போயிற்று. ஜனவரி நடுவில் சீசன் முடிந்ததும் வேட்டைக் காவலர் ஸ்னேவ்லி அபராதச் சீட்டோடு வந்தார். குழலில் காதை வைத்துக் கேட்டார். "விசைய இழுத்தது சீசன்ல. குண்டு எப்ப வெளிய வருதுங்கறது குண்டோட சொந்த விஷயம்" என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டு இறங்கினார். பிப்ரவரியில் மான் தன் கொம்புகளை உதிர்த்தது. ஒன்றை மெர்ல் எடுத்துவந்து, எல்வுட்டின் கோட்டை மாட்டிவைக்க ஒரு மரத்தில் அறைந்தான். வாரம் ஒருதரம் நாங்கள் போய்க் காதை வைத்துக் கேட்டுவருவோம். தீ நடந்துகொண்டேதான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் என்று சொல்லியிருந்த பிள்ளை மார்ச்சிலேயே புறப்பட்டது. அன்று இடுப்பளவு பனி, டவுன் ரோடு அடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அர்லீன் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வர முடிந்தது. லவீனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"அண்ணி, அது உள்ள தீ இருக்கிற துப்பாக்கி."

"தெரியும். அதையும் கூட்டிட்டு வாங்க."

ஈரத் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்ததே பெரிய பாவம். பற்றின துப்பாக்கியைக் கொண்டுவருவது எங்கள் ஊரில் யாரும் வாயால்கூடச் சொல்லாத காரியம். மெர்ல் சரிவுக்கு ஓடிப்போய்ச் சொன்னான். எல்வுட் அதுவரை அசையாத காலை அசைத்தான். குழலை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் வீட்டு வாசல் வழியாகவும் இறங்கி வந்தான். நியாயமாக நாங்கள் நிலவறையில் ஒளிந்திருக்க வேண்டும். ஒருத்தரும் ஒளியவில்லை. அவனுக்கு வழி வேண்டுமே என்று பனியை வாரிக்கொண்டு நின்றோம். நல்ல ஜனங்கள் எங்கள் ஜனங்கள், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மானும் பின்னாலேயே வந்து தோட்டத்தில் நின்றது.

எல்வுட் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து, குழலை வெளியே ஆள் இல்லாத மலைப் பக்கம் நீட்டிக்கொண்டான். ஒரு கை துப்பாக்கியில், ஒரு கை லவீனாவின் கையில். மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது. அழவில்லை. அர்லீன் தட்டினாள், தேய்த்தாள், வாயை வழித்தாள், தலைகீழாகப் பிடித்தாள். குழந்தை நீலமாகக் கிடந்தது. அர்லீன் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பார்த்தவள். அவள் முகம் தொங்கிப்போயிற்று. குழந்தையைத் துணியில் வைக்கக் குனிந்தாள்.

"இறக்காதீங்க அர்லீன்" என்றான் எல்வுட். "பிடிச்சுக்கிட்டே இருங்க. உள்ள நடந்து வந்துக்கிட்டிருக்கும். காத்திருங்க."

அர்லீன் இறக்கவில்லை. தேய்த்த கையையும் நிறுத்தவில்லை. சமையலறையில் நின்ற எங்களுக்குக் குழலுக்குள் தீ கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது.

துப்பாக்கி வெடித்தது. அலமாரியில் தட்டுகள் குதித்தன, ஜன்னலெல்லாம் கந்தகப் புகை, தோட்டத்து மான் இத்தனை நாள் காத்திருந்த சத்தம் கேட்டுவிட்ட நிம்மதியில் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாய்க் காட்டுக்குள் போயிற்று. குழந்தை உடம்பு தூக்கிப்போட்டு, வாயைத் திறந்து, வீறிட்டு அழுதது. லவீனா அழுதாள், மெர்ல் அழுதான், அர்லீன் துப்பாக்கியைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டே அழுதாள்.

அந்தப் பெண் டெல்லாவுக்கு இப்போது கல்யாண வயது. எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் குளிர்காலத்தில் எல்லாத் துப்பாக்கியும் விறகுக் கொட்டகையில்தான் தூங்குகிறது. க்ரைனர் வீட்டுத் துப்பாக்கி மட்டும் கல்யாணக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் தூங்குகிறது. எங்களுடையது பனியில் நாலுக்கு ஒன்று பொய்க்கும். அவர்களுடையது அதற்கப்புறம் ஒருதரமும் பொய்த்ததில்லை. வெளியூர் வேட்டைக்காரர்கள் பார்த்துவிட்டுப் பதறுவார்கள். இதை ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று எல்வுட்டிடம் கேட்பார்கள்.

"வெளியில அதுக்குக் குளிரும்" என்பான்.