தீய்ந்த பாகு

அதிரசத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மாமனார் ஆண்டியப்பன் ஆத்மநாதனுக்கு எதிரே சம்மணமிட்டார். மூத்த மகள் அமராவதி செத்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இளையவள் செவந்தியை அதே மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க அவசரம். பொன்னமராவதிப் பக்கம் பெண் பார்க்கும் அன்று கை நனைத்தால், ஒரு வாய் தின்றாலும், சம்மதம் என்று பொருள். திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டான் என்பதற்காக ஆத்மநாதனுக்கு அது மறந்துவிடவில்லை.

"சீனிதான் போட நெனச்சோம் மாப்ளே. யுத்தம் வந்ததுலேருந்து ரேஷன் கூப்பனுக்கு மூக்குப்பொடி அளவுதான் தாரான். இது நாட்டுச் சர்க்கரை. எடுத்துக்கிருங்க."

"சர்க்கரை கறுத்தா என்னங்க, பொண்ணு செவப்புல்ல!" என்றார் பங்காளி ஒருவர்.

கூடம் சிரித்தது. அமராவதியைத் தூக்கிப் போன அன்று துண்டை வாயில் பொத்தி அழுத அதே வாய்கள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. பந்தி முடிந்த எச்சில் இலைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

தட்டிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. தலைதீபாவளிக்கு அமராவதி அதிரசப் பாகைப் பதம் தப்பவிட்டாள், கறுத்துக் கசந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, எனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்று சொல்லிவைத்தான். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே தீய்த்தாள். இவன் மென்று விழுங்கினான். அவளும் எதிரே உட்கார்ந்து தின்றாள்.

"பாகு தீஞ்சாத்தான் ஒங்களுக்கு எறங்குமாம்ல," மாமியார் கதவோரம் நின்று பெருமையாகச் சொன்னாள். "மூத்தவ சொல்லிருக்கா. நாந்தான் பக்கத்துல நின்னு இவளைத் தீய விடச் சொன்னேன்."

செத்தவளின் கைப்பிழையையும் விட்டுவைக்கவில்லை. அதையும் சுட்டுத் தட்டில் அடுக்கிவிட்டார்கள்.

செவந்தி தண்ணீர்ச் செம்பை வைக்கக் குனிந்தாள். பாகு தெறித்து அவள் விரலில் கொப்புளம் கண்டிருந்தது.

"திங்காதீங்க மச்சான்." அவனுக்கு மட்டும் கேட்டது. "அக்காவுக்கே இது புடிக்காது. ஒங்களுக்காகத்தான் முழுங்குச்சு."

செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். அதில் ஓர் அதிரசம் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அதன் கறுத்த விளிம்பில் ஓர் எறும்பு சுற்றிச் சுற்றி வந்தது.