கொக்கி கழன்ற கயிறு

மாடியில் நின்று கயிறு பிடிப்பது நான். தொங்கு பலகையில் உட்கார்ந்து சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது மச்சான். உறவெல்லாம் இல்லை, சேர்ந்து வேலை செய்ததில் ஒட்டிக்கொண்ட முறை. பலகையை இறக்கும் முன் நான் "ஓய்" என்பேன், அவன் ஏதாவது ஏசுவான். ஏச்சு வந்தால்தான் கயிற்றைத் தளர்த்துவேன்.

அன்று ஏச்சு வரவில்லை. கயிற்றைத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன். தலை தொங்கிக் கிடந்தது. மடியில் போன், அதில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ராவெல்லாம் அதைப் பார்த்து விழித்திருந்தவன், அந்தரத்தில் அசந்து தூங்குகிறான். அவன் இடுப்பில் மாட்ட வேண்டிய கொக்கியோ பக்கத்துக் கயிற்றில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து போன் பார்க்க இடைஞ்சலென்று கழற்றியிருப்பான், பாவி.

இன்னும் பலமாகக் கூப்பிட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். திடுக்கிட்டு எழுந்தால் கதை முடிந்தது.

கீழே பெயிண்ட் கலக்கும் மேஸ்திரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம். முன்பெல்லாம் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிடுவார். இப்போது போன்தான், அதுவும் முதலில் மச்சானுக்கு. அவர் கை சட்டைப்பைக்குப் போனது. விரல் வழுக்க வழுக்க அவர் எண்ணை அழுத்தி நான் முந்திக்கொண்டேன்.

"என்னடா, பசி பொறுக்கலையா?"

"அண்ணே, கத்தாதீங்க. மச்சானுக்குப் போன் போடாதீங்க. தூங்குறான், கொக்கி மாட்டல. மேல வாங்க."

"என்னது?"

"மெதுவாண்ணே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். அவர் படியேறி வருவதற்குள், மச்சானின் போன் மினுங்கியபோதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது.

இருவருமாக இழுத்தோம். கப்பி ஒருமுறை கிறீச்சிட்டது. அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார், கையை விடவில்லை. பலகை கைப்பிடிச் சுவருக்கு வந்ததும் அவர் கயிற்றைத் தாங்க, நான் மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"சாப்பாடா?" என்று கண்ணைக் கசக்கினான்.

"ஆமா மகாராசா, எழுந்து வாங்க" என்றார் அண்ணன்.

"ராத்திரி தூக்கமே வரல மச்சான்" என்றான் என்னிடம்.

"வரலையா, நீ வரவிடலையா?" என்றேன்.

அப்போதுதான் கொக்கியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. போனை என்னிடம் நீட்டினான். "சாயங்காலம் குடு, போதும்."

"கயிறு பிடிக்கிறவன் கையிலயா குடுக்கற?" என்றார் அண்ணன்.

அதை வாங்கிக்கொண்டு என்னையும் பார்த்தார். என்னுடையதையும் கொடுத்தேன்.

சோறு யாருக்கும் சரியாக இறங்கவில்லை. திரும்பப் பலகையில் உட்கார்ந்து மச்சான் கொக்கியை மாட்டினான். நான் இழுத்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ இழுத்துப் பாரு" என்றான்.