மங்கை வேன் பிடிக்கப் போனது

மீஞ்சூரில் மூத்த மகள் கீர்த்திக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை சாதமும் வளையலும் சீர்த்தட்டும் ஏற்றிக்கொண்டு சொந்தக்காரர்களோடு போய்வர ராயபுரம் மங்கைக்கு ஒரு வேன் தேவைப்பட்டது. கணவன் சுப்புராயன் கடலுக்குப் போயிருந்தான். ஆட்டோ ஓட்டும் தம்பி விமல்தான் வழி சொன்னான்.

"திருவொத்தியூர்ல ஒரு கம்பெனி வாசல்ல போர்டு கீதுக்கா. ஹயரிங், வேன்னு இங்கிலீஷ்ல போட்டுக்கீது. என் மீட்டர்லகூட ஹயர்னுதான் எழுதிக்கீது. ஹயர்னா வாடகை."

மங்கை நம்பிப் போனாள். போர்டைப் பார்த்து வந்ததாகச் சொன்னதும் மேனேஜர் அருள்பிரகாசம் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எத்தனை பேரும்மா?"

"இருவது பேரு சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பொம்பளைங்களா?"

"பொம்பளைங்கதான் நெறைய."

"ரொம்ப நல்லது. வேன் உங்க தெருமுனைக்கே வந்துரும்."

"வாடகை எவ்ளோ சார்?"

"வேனுக்கு நீங்க ஏன் குடுக்கணும்? கம்பெனி பாத்துக்கும்."

மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாதவர் தன் வீட்டு விசேஷத்துக்கு ஏன் சும்மா வேன் விடவேண்டும்? சுப்புராயனுக்குத் தெரிந்தவரோ? கேட்கவும் கூச்சமாக இருந்தது.

"எல்லாருக்கும் எறா உரிக்க வருமில்ல?" என்றார் அவர்.

"வரும் சார். ஆனா வளைகாப்புக்கு எறா ஆக்கமாட்டோம்."

"யாருக்கு வளைகாப்பு?"

"என் பொண்ணுக்கு. அதுக்குத்தான வேன் கேக்க வந்தேன்?"

 அருள்பிரகாசம் விளக்கினார். அது இறால் கம்பெனி. போர்டு, வேலைக்கு ஆள் எடுக்க வைத்தது. வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிவரத்தான் வேன்.

"அப்போ மீட்டர்ல எழுதிக்கீறது?"

"அதுவும் ஹயர்தாம்மா. வண்டின்னா வாடகைக்கு எடுக்கிறது, ஆளுன்னா வேலைக்கு எடுக்கிறது."

"ரெண்டுத்துக்கும் ஒரே பேரா? அப்போ என்னை எடுத்தா, நான் வேலைக்கு வந்தவளா, வாடகைக்கு வந்தவளா?"

 "இங்கிலீஷ்காரன் வச்ச பேரும்மா," என்றார் அவர்.

அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் வேன்காரர் ஜாபரைக் கூப்பிட்டார். வேன் ஜாபருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓட்டம் இல்லை. அவர் வாடகைக்கு வர ஒத்துக்கொண்டார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கீர்த்தியைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில் மங்கையின் நாத்தனார் அம்மு முன்சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "பாய், அந்த எறா கம்பெனில வேலை எப்டி கீது?"

"நின்னுகினே இருக்கணும்மா. கை மரத்துப் போயிரும். ஆனா நல்லவங்க," என்றார் ஜாபர்.

அம்முவும் இன்னும் இரண்டு பேரும் மறுநாளே வேலைக்கு வருவதாகச் சொன்னார்கள். நாமும் போகலாமா என்று மங்கைக்கும் தோன்றியது. முதலில் பிரசவம் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டு, அசந்து தூங்கிய கீர்த்தியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.