மன்மதன் மடியில் சாம்பல்

எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான் தேயிலை விலை விழுந்தது. அதனால் விலையை விழவைத்ததே நான்தான் என்று என் மாமியார் ஆண்டாயி முடிவு கட்டிவிட்டார். ரஷ்யாக்காரன் தேயிலை வாங்காமல் போனது, எஸ்டேட் ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியது, எல்லாம் நான் வலது காலை எடுத்து வைத்த நேரமாம். விட்டால் சிலோனிலிருந்து இவர்களைக் கப்பலேற்றிப் பந்தலூருக்கு அனுப்பியதற்கும் என்னைத்தான் சொல்வார். அப்போது நான் பிறக்கவே இல்லை.

ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் மனோகரன் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. கூடலூரில் செத்துப்போன லாரி பேட்டரிகளை மலிவாக வாங்கி வந்து உடைப்பார். உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, கட்டியாக ஊற்றி, கோயம்புத்தூர் வியாபாரிக்கு அனுப்புவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டதால் அந்த அறை காலியாக இருந்தது. அதுதான் அவருடைய பட்டறை.

எங்கள் பக்கம் மழை பிடித்தால் விடுவதில்லை. மழை நின்றால் பனி. அதனால் அந்த அறை ஜன்னலில் சாக்கை அடைத்து, கதவையும் சாத்திக்கொண்டுதான் உருக்குவார். அடுப்பு எரிகிறது என்று தெரிந்ததும் லயத்து ஆம்பளைகள் ஒவ்வொருவராகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலை இல்லாத காலத்தில் அவர்களுக்கு அதுதான் கிளப். சட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டு, வேலை நாளை வரும், நாளன்றைக்கு வரும் என்று பேசுவார்கள். முக்கியமாக ஆறுக்குட்டி. என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசிலிருந்தே கூட்டாளி, இந்தக் கதை நடந்த வருஷம் ஆவணியில்தான் கோகிலவாணியைக் கட்டியவன். புதுப்பெண்டாட்டி சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும் சட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டான். பொம்பளைகளுக்கு அங்கே இடமில்லை என்று எங்களைத் துரத்திவிட்டார்கள். ரொம்ப நல்லதாகப் போயிற்று.

இதற்கிடையில் வருஷங்கள் ஓடின. எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதது எனக்கு மட்டும்தான், அவருக்கு இல்லை. அவர் ஆம்பளை, அதுவும் மன்மதன்.

சும்மா சொல்லவில்லை. மாசி மாசம் எங்கள் எஸ்டேட்டில் காமன் கூத்து நடக்கும். சிலோன் தோட்டத்திலிருந்து பெரியவர்கள் கொண்டுவந்த திருவிழா. சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிந்து விழுவான், ரதி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், மூன்றாம் நாள் அவனை உயிர் எழுப்புவார்கள். மற்ற ஊர்களில் விடிய விடிய ஆடுவார்களாம். எங்கள் ஊரில் யானை வரும் என்பதால் பொழுதோடு எரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். வருஷா வருஷம் மன்மதன் என் வீட்டுக்காரர், சிவன் ஆறுக்குட்டி. என் வீட்டுக்காரர் பச்சை பூசிய முகத்தோடு கரும்பு வில்லைப் பிடித்து நின்றால், கட்டியவள் நானே கண்ணை எடுக்க மாட்டேன்.

மன்மதனை எரித்தபின் காமன் கம்பத்தின் சாம்பலை அள்ளிப் பிள்ளையில்லாதவள் மடியில் கட்டுவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் முடிந்து வைக்க வேண்டும், அந்த முடிச்சைப் பிள்ளை பிறக்கும்வரை வெளியே போடக் கூடாது. ஒவ்வொரு மாசியிலும் ஊரே பார்க்க அத்தை என்னைக் கூப்பிட்டுக் கட்டினார். என் டிரங்குப் பெட்டியில் சேலையை ஒதுக்கிவிட்டுச் சாம்பலுக்கு இடம் செய்ய வேண்டியதாயிற்று. ஆறுக்குட்டிக்குக் கல்யாணமான அந்த வருஷம் தை பிறந்ததும் அத்தை புதிதாக ஒன்று சொன்னார். இந்தக் காமனோடு சரி, திருவிழா முடிந்ததும் அவருடைய அண்ணன் தன் மகள் சுமலதாவை என் வீட்டுக்காரருக்குக் கட்டிவைக்க அழைத்துக்கொண்டு வருகிறார், மூத்தவள் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.  அடுப்பில் இருந்த கஞ்சி பொங்கி வழிந்தும் எனக்கு இறக்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அவருக்கு அந்த வயிற்றுவலி இருந்தது. வலியைச் சாக்காக வைத்து அவரைக் கூடலூருக்குக் கிளப்பினேன். பிள்ளை விஷயமாகக் கூப்பிட்டிருந்தால் பஸ்ஸுக்கே வந்திருக்க மாட்டார்.

அங்கே ஒரு மலையாளத்து லேடி டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லின் அடியில் நீலமும் கறுப்புமாக ஒரு கோடு ஓடியது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் எத்தனை என்றார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு இரத்தம் எடுத்தார்கள், எனக்கும் சோதனை செய்தார்கள். என் வீட்டுக்காரர் கையில், ஆம்பளைச் சோதனைக்கென்று, ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் மன்மதனுக்கு முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். என்னிடம் கொடுத்து, நீ போய் வாங்கிக்கொண்டு வா என்றார். எதை எங்கே போய் வாங்குவது?

முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"மோளே, உனக்குக் குழப்பம் ஒண்ணும் இல்லா." பேனா என்னிடமிருந்து அவர் பக்கம் திரும்பியது. "குழப்பம் இங்கே."

மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறாம். பிறகு நிதானமாக விளக்கினார். சாத்திய அறையில் காரீயப் புகையை மூச்சோடு இழுத்தால் அது இரத்தத்தில் சேரும், எலும்பில் போய்க் குடியிருக்கும், ஆணின் விதையையும் கெடுக்கும். உயிரணு குறைந்துபோகும், இருப்பதும் நீந்தத் தெம்பில்லாமல் கோணலும் மாணலுமாகக் கிடக்கும். அவருக்கு அதுதான் நடந்திருந்தது. அந்த வேலையை விட்டால் இரத்தம் மெல்ல மெல்லத் தெளியும், அதற்கப்புறம் புதிதாக ஊறுவது நல்லதாக இருக்கலாம், சத்தியம் செய்து தர முடியாது என்றார்.

 திரும்பும் பஸ்ஸில் தேவாலா தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யாரிடமும் சொல்லாதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஊரே என் வயிற்றைப் பேசியதே, அப்போது யார் வாயைப் பொத்தினார்கள் என்று கேட்க நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சரி, சொல்லவில்லை என்றேன். பாழாய்ப்போன மனசு.

பட்டறையை மூடினார். காரீய விலையும் விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லி வைத்தார். ஆம்பளைகள் குளிரில் இரண்டு நாள் நடுங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆறுக்குட்டி வந்து, உனக்கு வேண்டாம் என்றால் சட்டியை எனக்குக் கொடு, நான் உருக்கிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றான். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பானே! இவர் கொடுத்துவிட்டார். நான் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும்போது கோகிலவாணியின் காம்பராவுக்குள் அடுப்பில் அந்தச் சட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் அதே கம்பளிகள். வெளியே அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கூடையைக்கூட இறக்காமல் வீட்டுக்குள் போனேன். அத்தை இல்லாத நேரம்.

"அவ தாலியில இன்னும் மஞ்சள் காயலைங்க. வர்ற வருஷம் அவ மடியிலயும் சாம்பல் கட்டுவாங்க. பார்த்துக்கிட்டு நிப்பீங்களா?"

"எப்படி ஜீவா சொல்றது? நான் மன்மதன் வேஷம் கட்டுறவன்."

அப்படியானால் நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார். காமன் கழியட்டும், அதுவரைக்கும் பொறு என்று கெஞ்சினார். காமன் கழிந்தால் சுமலதா வந்துவிடுவாளே, அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. இந்த மனுஷன் என்னைக் கைவிட்டுவிடுவார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவரோடு அதற்கப்புறம் நான் பேசவில்லை.

காமன் எரிகிற நாள் வந்தது. பெரட்டுக் களத்தில் கம்பம், சுற்றிலும் நாலு லயத்து ஜனம், தப்புச் சத்தம் காதைக் கிழித்தது. ஆறுக்குட்டி புலித்தோல் என்று சொல்லி ஒரு புள்ளிப் போர்வையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சிவப்புக் கண்ணோடு தவம் இருந்தான். என் வீட்டுக்காரர் கரும்பு வில்லோடு வந்து அம்பு விட்டார். நெற்றிக்கண் திறந்தது, கம்பம் பற்றியது, மன்மதன் விழுந்தான். அவர்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள். மூன்றாம் நாள்வரை அவன் பிணம், பிணம் பேசக் கூடாது, அதுதான் முறை.

கம்பம் எரிந்து அடங்கியதும் அத்தை சாம்பலை அள்ளினார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இதுதான் கடைசித் தடவை என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். சிலர் சிரித்தார்கள். நான் போய் நின்று முந்தானையை விரித்தேன். கோகிலவாணி என்னைப் பாவமாகப் பார்த்தாள். 

வேட்டியை விலக்கிக்கொண்டு பிணம் எழுந்தது.

அத்தை பதறிப்போனார். "படுடா, இன்னும் மூணாம் நாள் ஆகல."

"அம்மா, அவ மடியில கட்டாத." பச்சை முகம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. "என் மடியில கட்டு. கொறை எனக்குத்தான்."

தப்பு அடித்தவன் கை நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னதை, காரீயப் புகையை, டப்பாவைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஆம்பளைகள் பக்கம் திரும்பி, அந்தச் சட்டியைச் சுற்றிக் குந்தினவன் ஒவ்வொருவனும் கூடலூர் போய் இரத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஆறுக்குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன்னிடம் சட்டியைக் கொடுத்திருக்கக் கூடாது, மன்னித்துவிடு என்றார். சிவனுக்கு மூன்று கண்ணும் பிதுங்கிவிட்டது.

முதலில் அசைந்தவள் கோகிலவாணி. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிவந்து களத்தின் நடுவில் தொப்பென்று போட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியும் தன் புருஷன் எங்கே என்று தேட ஆரம்பித்தாள். திங்கள்கிழமை கூடலூர் பஸ்ஸில் பொம்பளைகள் முன்னால் ஏறி, ஆம்பளைகளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். உயிர் எழுப்ப வேண்டிய மன்மதன் முன்னாடியே எழுந்துவிட்டானே, இப்போது என்ன செய்வது என்று பெரியவர்கள் இரண்டு நாள் பஞ்சாயத்துப் பேசினார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் களத்தில் அத்தை சாம்பலோடு அப்படியே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகனிடம் போய், ஜிகினா வைத்த இடுப்புத் துணியின் நுனியில் சாம்பலைக் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டார். 

வீட்டுக்கு வந்ததும், அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு என் டிரங்குப் பெட்டியை அவரே திறந்தார். சேலைகளுக்கு அடியில் கையை விட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வாசலில் குந்தி, பல்லால் கடித்து அவிழ்த்து, எல்லாச் சாம்பலையும் தேயிலைத் தூரில் உதறினார்.

"இம்புட்டையுமா வச்சிருந்த?" என்றார்.

நீங்கள்தானே போடக் கூடாது என்றீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அதுவரைக்கும் அந்த வீட்டில் நான் ஒரு தடவைகூட அழுததில்லை. அன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதேன். அத்தை என் பெட்டியிலிருந்து ஒரு சேலையை உதறி, சாம்பல் போக நன்றாகத் தட்டி, என் தோளில் போட்டார்.