காற்றுக்கு வைத்த பத்திரிகை

ஆயர் குரோவில் புதிதாகக் கட்டிய பொதுமண்டபத்தின் முதல் கல்யாணத்துக்குக் காற்று குடும்பத்தோடு வந்தது. பெண் வீட்டார் அழைத்துத்தான் வந்தது. அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

குளிரூட்டும் ஏர்கோனே இல்லாத மண்டபம் அது. வரைந்தவள் தேவமலர், ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து கட்டடக் கலை படித்தவள். வெயில் சுவரைத் தொடாதபடி கூரையை நீட்டியிருந்தாள். எதிரெதிராகச் சன்னல்கள், பாதிச் சுவருக்கு ஓட்டைச் செங்கல், கூரை உச்சியில் சூடு வெளியேறக் கயிறு இழுத்தால் திறக்கும் பலகைகள். என்ன அழகு! ஆனால் வரிசை வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அந்த இடத்தைக் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மண்டபத் தலைவர் தனபாலன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "எம் பொண்ணு கல்யாணம் வரைக்கும் பாக்குறேம்மா. சனங்களுக்கு வேர்த்துச்சுன்னா மறுநாளே சன்னல எல்லாம் அடைச்சுட்டு ஏர்கோன் போட்டுருவேன். இந்த பானாஸ், இந்தச் சூடு தாங்கல லா." தேவமலருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வரைந்து எழும்பிய முதல் கட்டடம் அது.

தலைவரின் மனைவி மீனம்மாதான் கோளாறைக் கண்டுபிடித்தார். "காத்துக்குப் பத்திரிகை வச்சீங்களா? கூப்பிடாத வீட்டுக்கு யாரும்மா வருவா?" மறுநாளே அவரும் தேவமலரும் காரை எடுத்துக்கொண்டு கடலோரக் கோலா சுங்கை பாருவுக்குப் போனார்கள். மீன்பிடிப் படகுகளைத் தாண்டியதும் காற்று இருந்தது. மீனம்மா பத்திரிகை வைத்த வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, வாய்ப் பழக்கத்தில், "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். காற்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு பாக்கை விட்டுவிட்டது.

கல்யாணத்தன்று முகூர்த்த நேரம் பார்த்து வந்து இறங்கினார்கள்: காற்றுப் பெரியவர், அவர் சம்சாரம், கொழுந்தன்மார், வாய் ஓயாத ஒரு மாமியார், ஒரு படைப் பிள்ளைகள். வேட்டிகள் பறந்தன, வாழையிலைகள் நெடுஞ்சாலைப் பக்கம் போயின, ஓமத் தீ அணையப் பார்த்தது. தனபாலன், "சன்னலச் சாத்துங்க!" என்று அலறினார். "சாத்தாதீங்க அங்கிள், வந்தவங்கள உக்கார வைங்க!" என்று கத்தியபடி ஓடிப்போய் தேவமலர் கயிற்றை இழுத்தாள். உச்சிப் பலகைகள் திறந்தன. பெரியவர் அந்த வழியாக மேலேறி அமர்ந்தார், பெண்கள் கூரை நிழலில் ஓரமாக ஒதுங்கினார்கள், பிள்ளைகள் ஓட்டைச் செங்கலுக்குள் புகுந்து புகுந்து ஓடின. தீ நிமிர்ந்து நின்றது, தாலி ஏறியது, ஒரு நெற்றியிலும் வேர்வை இல்லை. தாளில் தான் அம்புக்குறி போட்ட வழியில் எல்லாம் உயிரோடு ஆள் நடமாடுவதைப் பார்த்த தேவமலர், பட்டுப்புடவையோடு மணமேடைக்குப் பக்கத்திலேயே குதித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

விருந்து முடிந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டு எல்லாரும் கடலுக்குத் திரும்பினார்கள். கடைக்குட்டி மட்டும் செங்கல் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அழுதது. பெரியவர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி மீனம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பின் எத்தனையோ கல்யாணம், காதணி விழா, கூட்டம் எல்லாம் அங்கே நடந்துவிட்டன. மின்சாரம் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும்தான் போகிறது. போன மாதம் ஏர்கோன் விற்கும் ஒருவர் மண்டபத்தைத் தேடி வந்து வாசலில் நின்று உரக்கப் பேச ஆரம்பித்தார். தனபாலன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"மெதுவாப் பேசு லா தம்பி. உள்ள புள்ள தூங்குது."