பன்னிரண்டாவது தோணிக்குப் பிறகு

விடுமுறை நாள் காலை என்றால் கரடிப்பாறை அணையின் படகுத்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலைக் காட்டு வழியே குலுங்கிக் குலுங்கி வரும் ஜீப்புகள் சேற்றில் வரிசையாக நிற்கும். முதுகில் பையும் கையில் பாத்திரமுமாக இறங்குகிறவர்கள் தோணியேறித் துடுப்புப் போட்டு அக்கரைக் காட்டுக்குப் போவார்கள். அங்கே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புவார்கள். வனத்துறையின் அனுமதியோடு இதை நடத்துவது பக்கத்து எஸ்டேட் குடும்பங்கள் சேர்ந்து அமைத்த குழு. அதன் தலைவி ராமுத்தாய்.

பூஜை விடுமுறையின் முதல் நாள் அது. ராமுத்தாய் ஒரு கையால் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கியிருந்தாள்.

“சொல்லுங்க சார்... புக்கிங் எல்லாம் முடிஞ்சு போச்சே சார்... ஓ, உங்க தங்கச்சி குடும்பமா? அப்ப என்ன செய்ய? ஒரு தோணிதானே, பாத்துக்கிடுதேன். வரச் சொல்லுங்க.”

தோணியைக் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவன் பெரியமுத்து நிமிர்ந்து பார்த்தான். “யாரு இப்ப?”

“பஞ்சாயத்து மெம்பருங்க.”

“கணக்குக்கு மேல ஏற்கெனவே நாலஞ்சு தோணி போயிருக்கு. இவுகளை எங்க கொண்டு போய் எறக்க?”

“அங்கிட்டு இங்கிட்டு ஒதுக்கி எறக்குங்க. பெரிய மனுசங்க வாய் விட்டுக் கேக்கையில, மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லன்னு எப்படிச் சொல்ல?”

ஓர் இரவுக்குப் பன்னிரண்டு தோணிகள். அதுதான் விதி. அக்கரையில் கூடாரம் அடிக்க ஏற்ற மேடுகள் அவ்வளவுதான். ஓடை வந்து அணையில் கலக்கிற ஓடைமுகத்தில் மட்டும் யாரும் தங்கக் கூடாது. அது யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வழி. இதெல்லாம் ராமுத்தாய்க்குத் தெரியாததல்ல. ஆனால் இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள் அவள். உடம்புக்கு முடியாத அன்று ஒரு நாள் லீவுக்காகச் சூப்பர்வைசர் முன்னால் கை கட்டி நின்றவள். இன்று மெம்பரும் டாக்டரும் வக்கீலும் அவளுக்குப் போன் செய்து, “ராமுத்தாய் நினைச்சா நடக்கும்” என்கிறார்கள். அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. யாரிடமும் ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள். அது உண்மையும்கூட. லஞ்சம் காசாக மட்டும் வருவதில்லை, புகழாகவும் வரும் என்பதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சைனுதீன் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். மனைவி சபியாவும் கல்லூரியில் படிக்கும் மகள் ஃபர்ஸானாவும் கூட வந்திருந்தார்கள். கோடை விடுமுறையிலேயே புக் செய்து, இந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள். அக்கரை போய் இறங்கினால், அவர்களுக்குக் குறித்த மேட்டில் வேறு யாரோ கூடாரம் அடித்து, அடுப்பும் மூட்டியிருந்தார்கள்.

“ஏனுங்க, இது எங்களுக்குக் குடுத்த எடமுங்க” என்றார் சைனுதீன்.

“எங்களுக்கு ராமுத்தாயே நேர்ல சொல்லியிருக்கு” என்று பதில் வந்தது.

சைனுதீன் சண்டை போடுகிறவர் அல்ல. தோணி ஓட்டி வந்த பெரியமுத்துவைப் பார்த்தார். பெரியமுத்து தலையைக் குனிந்துகொண்டான். எல்லா மேடும் நிறைந்திருந்தது. இடமில்லாமல் போனவர்கள் ஏற்கெனவே ஓடைமுகத்து மணலில் கூடாரம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் சைனுதீன் குடும்பத்தையும் அங்கேயே கொண்டு இறக்கினான்.

பொழுது சாயும் நேரத்தில் யானைக் கூட்டம் இறங்கி வந்தது. நடுவில் ஒரு குட்டியும் இருந்தது. வழக்கமாக அவை மூங்கில் காட்டை விலக்கிக்கொண்டு வந்து, ஆற அமரத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். அன்று அவற்றின் வழியில் கூடாரங்கள், விளக்குகள், சத்தமாக ஒரு பாட்டு. முன்னால் வந்த பெரிய பிடி யானை நின்றது. காதை விரித்தது. யாரோ ஒருவன் செல்போன் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடித்து விசில் கொடுத்தான். அது பிளிறிய பிளிறலில் மொத்தக் கரையும் எழுந்து ஓடியது.

ஓடுவதற்கு ஒரே திசைதான் இருந்தது. அது தண்ணீர். ஆறு பேர் ஏற வேண்டிய தோணிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் விழுந்தடித்து ஏறினார்கள். சபியா ஏறிய தோணி கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கவிழ்ந்தது. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். கொக்கி மாட்டாத லைஃப் ஜாக்கெட் கழன்றுபோய், சபியா மட்டும் முழுகினாள்.

இரவுத் துணைக்கு அங்கேயே தங்கியிருந்த பெரியமுத்து குதித்தான். இரண்டாவது முழுக்கில் அவள் கை கிடைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது, அலைக்கழிந்து வந்த இன்னொரு தோணியின் முனை அவன் வலது தோளில் இடித்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. ஆனாலும் பிடித்த கையை அவன் விடவில்லை. இடது கையால் அவளை அணைத்தபடி, காலை மட்டும் அடித்து அடித்துக் கரை சேர்த்தான்.

யாரும் சாகவில்லை. யானைகள் தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிப் போயின.

இருவரையும் தோணியில் படகுத்துறைக்குக் கொண்டுவந்தார்கள்; ஆம்புலன்ஸ் அந்த மலைப்பாதையில் ஏறி வரத் தாமதமானது. செய்தி கேட்டு ஓடி வந்தவர் ஜின்சன். மேலே மலைச்சரிவில் ரிசார்ட் வைத்திருப்பவர். சபியாவை வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பெரியமுத்துவைத் தன் காரிலேயே கோட்டயம் வரைக்கும் கொண்டுபோனார். ஆபரேஷன் முடியும்வரை அங்கேயே இருந்தார்.

மறுநாள் வனத்துறை ரேஞ்சர் படகுத்துறைக்குச் சங்கிலி போட்டார். “விசாரணை முடியட்டும். இனி இதைத் திறக்க வேண்டாமென்றுதான் எழுதப் போகிறேன்” என்றார்.

ராமுத்தாய் சபியாவைப் பார்க்கப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சைனுதீன் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டுவார், போலீசுக்குப் போவார் என்றே எதிர்பார்த்திருந்தாள். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார்.

“மன்னிச்சிருங்கய்யா. கேக்கிறவுக மனசு நோகக் கூடாதேன்னு...”

சைனுதீன் மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: “உங்க ஊட்டுக்காரர் கையை ஒடைச்சுக்கிட்டு எம் பொண்டாட்டியக் காப்பாத்துனாருங்க. அதுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவனுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு நீங்க சரின்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் வந்தமுங்க. நீங்க யாருக்குமே இல்லைன்னு சொல்லாததுனால, எங்களுக்குச் சொன்ன சரிக்கு மதிப்பில்லாமப் போயிருச்சுங்க.”

வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் அவளை அறுத்துக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம் படகுக் கொட்டகையில் குழு கூடியது. ராமுத்தாய் எழுந்து நின்றாள். “நடந்தது எல்லாம் என் தப்பு. காட்டு மேலயும் தப்பில்ல, ஆனை மேலயும் தப்பில்ல. நான் தலைவி பதவியில இருந்து எறங்கிக்கிடுதேன்.”

அக்கரையில் சமையல் பார்க்கும் குருவம்மாள்தான் முதலில் பேசினாள். “நீ எறங்கிட்டா? அடுத்து வாரவளுக்கும் அதே போன் வரும்லா? கெடுத்தவ நீதானே, இருந்து சரி பண்ணிட்டுப் போ.”

அன்று அவர்கள் எடுத்த முடிவை எல்லோரும் கைதூக்கி ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு தோணியும் இறங்காது. அன்றைக்குப் போகிற குடும்பங்களின் பெயரைத் துறையிலேயே பலகையில் எழுதி, எல்லோரும் பார்க்க வைப்பது. ஓடைமுகத்துக்குக் கயிறு கட்டி, குழுவிலிருந்து ஓர் ஆள் காவல் இருப்பது. வாரத்தில் இரண்டு நாள் யாரையும் அனுப்பாமல் கரைக்கு ஓய்வு விடுவது. இதனால் எல்லோருக்கும் கூலி குறையும் என்று ராமுத்தாய் சொன்னாள். “கொறஞ்சாலும் இருக்கும். இப்படியே விட்டா இல்லாமலே போயிரும்” என்றாள் குருவம்மாள்.

இந்த முடிவோடு அவர்கள் ரேஞ்சரிடம் போனார்கள். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, ஒரு சீசன் மட்டும் பார்க்கலாம் என்றார். “ஒரு தோணி கூடினாலும் அன்றோடு முடிந்தது” என்றும் சொன்னார். அவர்கள் இரண்டு வாரம் அக்கரையில் குப்பை பொறுக்கினார்கள். உடைந்த பாட்டில்களைச் சாக்குச் சாக்காகத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். துறை மறுபடியும் திறந்த சில நாட்களில் யானைக் கூட்டம் ஓடைமுகத்துக்கு வந்தது. காவல் இருந்தவர்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி தண்ணீரில் இறங்கிப் புரண்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. அன்றைய பன்னிரண்டு குடும்பங்களின் பெயரும் பலகையில் ஏறியிருந்தது. கடைசித் தோணியில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து ஜின்சன் இறங்கினார். கூட ஐந்தாறு விருந்தாளிகள்.

“சேச்சி, இவங்க எல்லாம் எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க. இன்னைக்கு ஒரே ஒரு வள்ளம் வேணும்.”

வேறு யார் கேட்டிருந்தாலும் ராமுத்தாய் தயங்காமல் மறுத்திருப்பாள். இவர் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை.

“சாரே, பன்னெண்டும் நெறஞ்சிருச்சு. இனி எறக்க மாட்டோம்.”

ஜின்சன் சிரித்தார். “நீதானே சேச்சி இங்க எல்லாம். நீ சொன்னா யாரு கேக்கப் போறாங்க?”

“அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு உசுரு போகப் பாத்துச்சு.”

ஜின்சனின் முகம் சிவந்தது. பின்னால் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்: “அன்னைக்குப் பெரியமுத்துவ என் கார்ல ஏத்தும்போது, உனக்கு புக்கிங் உண்டான்னு நான் கேட்டேனா சேச்சி?”

பெரியமுத்து பக்கத்தில்தான் நின்றான். அவன் வலது கை இன்னும் தோளுக்கு மேல் தூக்க வராது. ராமுத்தாயின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் உடையவில்லை.

“இந்த மனுசன் இன்னைக்கு என் பக்கத்துல நிக்கது உங்களாலதான். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். என் வீட்டுல இருக்கது எதுன்னாலும் கேளுங்க, யோசிக்காம எடுத்துத் தாரேன். ஆனா அந்தக் கரை என் வீட்டுச் சொத்து இல்ல சாரே. காட்டுக்கும் ஊருக்கும் பொதுவானதை எடுத்துக் குடுத்து, என் கடனை நான் எப்படித் தீர்க்க?”

ஜின்சன் தோணிக்காரர்கள் பக்கம் திரும்பினார். “ஒரு வள்ளம் எடுங்கடா.”

ஒருவரும் அசையவில்லை. அவர்களில் பாதிப் பேர் மழைக்காலத்தில் அவர் ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்கள். குருவம்மாள் மட்டும் நடந்து வந்து, கரையில் கிடந்த ஒரு துடுப்பை எடுத்துக் கொட்டகைக்குள் சாய்த்து வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். மிச்சமிருந்த துடுப்புகள் எல்லாம் உள்ளே போயின.

“விருந்தாளிகளோட இன்னைக்குச் சாயங்காலம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க சாரே” என்றான் பெரியமுத்து. ஜின்சன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

“மேலிடத்துல என்ன சொல்லி வைப்பாரோ” என்று தோணிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ராமுத்தாய் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். கோழி அடித்தாள். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தாள். “வருவாருன்னு நினைக்கியா?” என்று கேட்டான் பெரியமுத்து. “கூப்பிட்டுட்டோம். சோறு இருக்கணும்லா” என்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைப் பாதையில் கார் வெளிச்சம் தெரிந்தது. விருந்தாளிகள் இறங்கி வந்தார்கள். ஜின்சன் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியாக வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்:

“போற வழியெல்லாம் இவங்க ஒரே கேள்வி, சேச்சி. உங்களையே மறுத்துப் பேசுற அந்தப் பொம்பள யாருன்னு. எங்க ஊர்க்காரின்னு சொன்னேன். சொல்லும்போது கோபம் போயிருச்சு. தலைதான் நிமிர்ந்துச்சு.”

ராமுத்தாய் கை கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜின்சனின் இலையில் முதல் அகப்பை சோறு விழுந்தது.

விருந்தாளிகளில் ஒரு பெண்மணி கேட்டாள்: “இவ்வளவு உதவி செஞ்சவரை எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லக் கஷ்டமா இல்லையா உங்களுக்கு?”

“நெஞ்சு வெடிச்சுப் போச்சு அம்மா” என்றாள் ராமுத்தாய். குழம்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். “ஆனா இப்பத்தான் எனக்கு வித்தியாசம் தெரியுது. இந்தச் சோறு என்னோடது. அள்ளி அள்ளி வைப்பேன், அது தாராளம். பொதுவா இருக்கதை எடுத்து வேண்டியவங்களுக்குக் குடுத்தா, அதுக்குப் பேரு தாராளம் இல்ல, திருட்டு.”